கூட்டல் கழித்தல் ஒன்றரை

மழைக்காலம் தொடங்கிவிட்டால் அந்த வீட்டு மாடிப்படியில் பார்த்துத்தான் ஏற வேண்டும். கீழே இருக்கும் மூன்று அறையும் சோதனைக்கூடம், மேலே குடித்தனம். கீழிருந்து காலோடு ஒட்டிக்கொண்டு வரும் சாம்பல் நிறப் பொடி படிக்குப் படி உட்கார்ந்திருக்கும். காய்ந்திருக்கும்போது முகத்துக்குப் பூசும் பவுடர் மாதிரி சாதுவாகத்தான் இருக்கும். ஒரு சொட்டு ஈரம் பட்டால் போதும், ஊதிக் கொழகொழத்துப்போய் ஆளைக் கவிழ்த்துவிடும். அண்ணன் இரண்டு தடவை விழுந்திருக்கிறான். இரண்டு தடவையும், "நம்ம மண்ணு நல்ல மண்ணுதான்" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டே சொன்னான்.

பெண்டோனைட் என்று அதற்குப் பேர். ஊர்க் குப்பையைக் கொட்ட வெட்டும் பெரிய குழிகளின் அடியில் இந்தக் களிமண்ணை விரிப்பார்கள். இரண்டு முரட்டுத் துணிகளுக்கு நடுவே பொடியை நிரப்பித் தைத்து, பாய் போலச் சுருட்டி லாரியில் ஏற்றுவார்கள். விரித்த இடத்தில் ஈரம் பட்டதும் மண் ஊதி, இண்டு இடுக்கையெல்லாம் அடைத்துக்கொள்ளும். அதற்குமேல் குப்பையின் கசடு நீர் கீழே இறங்காது. சுற்றுவட்டாரத்துக் கிணறுகள் பிழைக்கும். ஆனால் எல்லாக் களிமண்ணும் ஒரே மாதிரி ஊதுவதில்லை. எவ்வளவு ஊதும் என்று பார்த்துச் சொல்வதுதான் அந்தக் கூடத்தின் பிழைப்பு.

கூடத்தைத் தொடங்கியவள் அண்ணி. வேதியியல் படித்தவள், பேச்சு குறைவு, நடை வேகம். அண்ணன் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் வேலையை விட்டுவிட்டு மனைவிக்குத் துணையாக வந்தவன். போன் எடுப்பது, அறிக்கை அடிப்பது, மத்தியானம் டீ போடுவது எல்லாம் அவன் பொறுப்பு. மூன்றாவது ஆள் அண்ணனுடைய தங்கை; அண்ணன், அண்ணி என்பதெல்லாம் அவள் கூப்பிடும் முறைதான். கடைக்குட்டி என்பதால் சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பொடிசு என்று பேர். தலையில் நாலு நரை விழுந்த பிறகும் பொடிசுதான். பொடி தூவுகிற வேலைக்கு வந்ததும் பேருக்கு ஒரு பொருத்தமும் வந்துவிட்டது என்று அண்ணன் சொல்லிச் சிரிப்பான்.

கல்யாணம் கசந்துபோய், ஒரே ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றவள் பொடிசு. அண்ணி ஒன்றும் கேட்கவில்லை. "வா" என்று மட்டும் சொன்னாள். கொஞ்ச நாள் போனதும், "சும்மா உக்காந்திருந்தா மனசு துருப்பிடிச்சிடும், கீழ வா" என்று ஒரு வெள்ளைக் கோட்டைக் கையில் கொடுத்தாள். வேலையைச் சொல்லித்தந்தாள். அதற்குமேல் ஆறுதலாக ஒரு வார்த்தை கிடையாது. அண்ணிக்குத் தன்மேல் பாசம் இருக்கிறதா, இல்லை கடமைக்கு வைத்திருக்கிறாளா என்று பொடிசுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. இந்த வீட்டில் தனக்கு இருக்கும் இடம் அந்தக் கோட்டால் வந்த இடம் என்றுதான் அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். வேலை சுத்தமாக இருக்கிறவரை சாப்பாடு தொண்டையில் இறங்கும்.

வேலையும் பார்ப்பதற்கு எளிதானதுதான். ஓவனில் காயவைத்து நைசாக அரைத்த பொடியில் இரண்டு கிராம். அளவு ஜாடியில் காய்ச்சி வடித்த தண்ணீர். ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீர்மேல் பரவலாகத் தூவ வேண்டும். அது மெல்ல நனைந்து, புகை மாதிரிச் சுருண்டு சுருண்டு இறங்கி அடியில் போய் உட்காரும். உட்காரும்வரை பொறுத்திருந்து அடுத்த சிட்டிகை. இப்படியே அரை நாள் போய்விடும். மறுநாள் காலையில் ஜாடியின் அடியில் மண் கஞ்சி போலத் திரண்டு நிற்கும். எந்தக் கோடுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். இருபத்துநாலாம் கோட்டைத் தொட்டால் குழிக்கு ஆகும். தொடாவிட்டால் ஆகாது.

அந்த மழைக்காலத்தில், ஈரக்காற்று ஜன்னல் கம்பியையெல்லாம் வியர்க்க வைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், குழிக்காரர் போன் செய்தார். புறநகரில் புதிதாக வெட்டிக்கொண்டிருக்கும் குப்பைக் குழிக்கு அவர்தான் இன்ஜினியர். கூடத்துக்குப் பாதி வேலை அவரிடமிருந்துதான் வரும். அண்ணன் போனைக் காதில் வைத்தபடி நின்றான். "ம்... ம்... சரிங்க..." என்றானே தவிர வேறொன்றும் பேசவில்லை. வைத்துவிட்டு மாடிக்கு வந்தவன் முகம் சுண்டிப்போயிருந்தது.

சாப்பாட்டு மேஜையில் பருப்பும் அவித்த முட்டையும் ஆறிக்கொண்டிருந்தன. அண்ணன் முட்டையை இரண்டாக வெட்டினான், நாலாக வெட்டினான், வாயில் போடவில்லை.

"என்னவாம்?" என்றாள் அண்ணி.

"போன வாரம் ரெண்டு பை அனுப்பினாருல்ல, வேற வேற பேர் போட்டு? ரெண்டும் ஒரே மூட்டைல இருந்து எடுத்ததாம். வேணும்னே பாதி பாதியா பிரிச்சு அனுப்பியிருக்கார்."

"நம்மள சோதிச்சிருக்காரா?"

"ஆமா. ஒண்ணு இருபத்தஞ்சுன்னு போயிருக்கு, இன்னொண்ணு இருபத்திரெண்டு. ஒரே மண்ணு ஒரு பையில பாஸ், இன்னொரு பையில ஃபெயில். நான் எதை நம்பட்டும்னு கேக்கறார். என்ன சொல்றது?"

வெளியே தகரக்கூரையில் தூறல் தட்டியது.

"இருபத்தஞ்சு நான் போட்டது" என்றாள் அண்ணி.

"இருபத்திரெண்டு நான்" என்றாள் பொடிசு.

"ஓஹோ" என்றாள் அண்ணி. அவ்வளவுதான் சொன்னாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்க் கழுவ ஆரம்பித்தாள். குழாய்த் தண்ணீர் வழக்கத்தைவிட வேகமாகக் கொட்டுவது போலப் பொடிசுக்குத் தோன்றியது.

அன்று சாயங்காலம் அலமாரி மேலிருந்த தன் பெட்டியைப் பொடிசு கீழே இறக்கினாள். உள்ளே ஒன்றும் வைக்கவில்லை. ஈரத்துணியால் துடைத்து, பூட்டு வேலை செய்கிறதா என்று பார்த்தாள். கூடப்படித்த சிநேகிதி ஒருத்தி பெண்கள் விடுதி நடத்துகிறாள். மேற்பார்வைக்கு ஆள் வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தாள். ஒரு போன் போட்டால் போதும். தன் கைப்பிசகால் கூடத்தின் பேர் கெட்டுப்போய், அதற்காக யாரும் தன்னை ஒரு வார்த்தை சொல்லாமல் இருப்பார்களே, அந்தச் சொல்லாமல் இருப்பதைத் தாங்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

கதவருகே அண்ணி வந்து நின்றாள்.

"பெட்டி எதுக்குக் கீழ?"

"தூசி படிஞ்சிருந்துச்சு அண்ணி. துடைக்கலாம்னு."

அண்ணி பெட்டியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "நாளைக்குக் காலைல நீயும் நானும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்து போடுவோம். அந்த மூட்டை மண்ணு மிச்சம் இருக்கு. எங்க பிசகுதுன்னு பாத்துடலாம்."

பிசகு யாரிடம் என்பதை அண்ணி ஏற்கெனவே முடிவு செய்துவிட்டாள் என்று பொடிசு நினைத்துக்கொண்டாள். அதில் தப்பில்லை என்றும் நினைத்தாள். அவளே அப்படித்தான் முடிவு செய்திருந்தாள்.

மறுநாள் நீள மேஜையில் ஜாடிகள் வரிசையாக நின்றன. அண்ணிக்கு ஒரு வரிசை, பொடிசுக்கு ஒரு வரிசை. அண்ணன் ஒரு யோசனை செய்தான்: ஜாடிகளின் அடியில் அவனுக்கு மட்டும் தெரிகிற மாதிரி குறி ஒட்டிவிடுவான், தூவி முடித்ததும் எல்லாவற்றையும் கலைத்து அடுக்கிவிடுவான். மறுநாள் கோடு பார்க்கும்போது எது யாருடையது என்று பார்க்கிறவருக்குத் தெரியாது.

"பரிட்சை ஹால் மாதிரியில்ல இருக்கு" என்றாள் பொடிசு.

"வாத்தியார விட்டா இப்படித்தான்" என்றாள் அண்ணி. அவள் குரலில் கோபம் இல்லாதது பொடிசுக்கு ஆச்சரியமாக இருந்தது.

இத்தனை வருடம் ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்தும், இருவரும் ஒருவர் தூவுவதை இன்னொருவர் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. அண்ணி ஒரு பக்கம் தூவினால் பொடிசு இன்னொரு பக்கம் ஓவனோடு மல்லுக்கட்டுவாள். இப்போது பார்த்தார்கள். அண்ணியின் கை விறுவிறுவென்று போனது. சிட்டிகை விழுந்ததும் விழாததுமாக அடுத்தது. ஒன்றிரண்டு இடத்தில் பொடி நனையாமல் சின்ன உருண்டையாகத் திரண்டு, தண்ணீர்மேல் மிதந்து, பிறகு தொபுக்கென்று இறங்கியது. பொடிசு அதைப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"என்ன பாக்கற?" என்றாள் அண்ணி.

"இல்ல..."

"பாக்கத்தான் உக்காந்திருக்கோம். பாத்ததைச் சொல்லு."

"உருண்டை விழுது அண்ணி. உருண்டையோட உள்பக்கம் நனையாம போயிட்டா அவ்வளவும் ஊதாதுல்ல?"

அண்ணி குனிந்து ஜாடிக்குள் பார்த்தாள். நிமிர்ந்து, "நீ மட்டும் என்ன" என்றாள். "எடை போடறதுக்கு முன்னாடி அந்தப் பொடிய எவ்வளவு நேரம் திறந்து வச்சிருக்க. பக்கத்துல ஜன்னல். வெளிய மழை. இந்த மண்ணு காத்துல இருக்கற ஈரத்தைக்கூட குடிக்கும். நீ ரெண்டு கிராம்னு எடுக்கறதுல கொஞ்சம் தண்ணி இருக்கு, மண்ணு குறைச்சல்."

"நான் எடை போடறப்போ நிதானமா..."

"நிதானம்தான் உன் பிசகு. அவசரம் என் பிசகு. குறிச்சுக்கோங்க வாத்தியாரே."

அண்ணன் டீ டம்ளர்களை நீட்டினான். "ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு ஆளு இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றான்.

"அந்த ஆளு டீ போடப் போயிட்டான்" என்றாள் அண்ணி. பொடிசு சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான், முந்தைய நாள் மத்தியானத்திலிருந்து தான் சிரிக்கவே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது.

மறுநாள் காலையில் மழை விட்டு வெளிச்சம் நன்றாக இருந்தது. ஜாடிகள் கலைந்து நின்றன. முதலில் பொடிசு எல்லாவற்றையும் பார்த்துத் தன் தாளில் எழுதினாள். பிறகு அண்ணி தன் தாளில் எழுதினாள். அண்ணன் இரண்டு தாளையும் வாங்கி, ஜாடிகளைத் தூக்கிக் குறிகளைப் பார்த்துச் சேர்த்து எழுதினான். எழுதிக்கொண்டே வந்தவன் பேனாவை வைத்துவிட்டான்.

"என்னங்க?"

"வந்து பாரு."

பொடிசின் ஜாடிகள் இருபத்திரண்டுக்கும் இருபத்துநாலுக்கும் நடுவே கிடந்தன. அதை அவள் எதிர்பார்த்திருந்தாள். ஆனால் அண்ணியின் ஜாடிகள் அவளுடையதைவிட அதிகமாகச் சிதறியிருந்தன. ஒன்று இருபத்துமூன்றில் நின்றது, இன்னொன்று இருபத்தாறைத் தொட்டிருந்தது. ஒரே பொடி, ஒரே தண்ணீர், ஒரே கை. அதுவும் போதாதென்று, ஒரே ஜாடியை இருவரும் வேறு வேறாகப் படித்திருந்தார்கள். திரண்ட மண்ணுக்கு மேலே பஞ்சு மாதிரி ஒரு மங்கல் படலம் நிற்கும். அண்ணி அந்தப் படலத்தின் மேல்விளிம்பைப் படித்திருந்தாள். பொடிசு படலத்தை விட்டுவிட்டுக் கெட்டியான மண்ணின் விளிம்பைப் படித்திருந்தாள்.

பொடிசுக்கு முதலில் தோன்றியது நிம்மதி. தான் மட்டும் இல்லை. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது போல இருந்தது. அடுத்த நிமிடமே அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். அந்த நிம்மதி அவளுக்கே அசிங்கமாகிவிட்டது.

அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில் கிடந்தன. எப்போதும் எதையாவது செய்துகொண்டே இருக்கிற கைகள்.

"இத்தனை வருஷமா நான் அனுப்பினதெல்லாம்?" என்றாள். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. "இருபத்தஞ்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேனே. அது இருபத்தஞ்சு இல்லியா?"

"இருபத்தஞ்சுதான்" என்றான் அண்ணன். "அன்னிக்கு அந்த ஜாடில இருபத்தஞ்சு. இன்னொரு ஜாடில போட்டிருந்தா இருபத்துமூணோ இருபத்தாறோ வந்திருக்கும். தப்பு எண்ணுல இல்ல. அது பக்கத்துல இன்னொரு எண்ணு எழுதாம விட்டோம் பாரு, அதுல."

"என்ன எண்ணு?"

"எவ்வளவு முன்னப்பின்ன வரும்ங்கற எண்ணு. பெரிய லேப்ல எல்லாம் எழுதறாங்க. கூட்டல் கழித்தல் போட்டு. நாமதான் எழுதினா ஜனங்க நம்ப மாட்டாங்கன்னு விட்டுட்டோம்."

பொடிசுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கட்டிப்பிடித்துப் பழக்கம் இல்லாத வீடு. அவள் போய் அண்ணியின் ஜாடிகளை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள். கண்ணாடிச் சுவரில் ஒட்டிய களிமண் விரலில் வழுக்கியது. சிறிது நேரத்தில் அண்ணியும் வந்து பக்கத்தில் நின்று, கழுவினதை வாங்கித் துடைத்து அடுக்கினாள்.

"கெட்டியான விளிம்பைப் படிக்கறதுதான் சரி" என்றாள், துடைத்துக்கொண்டே. "எனக்குத் தெரியும். புத்தகத்துல இருக்கு. எப்போ மேல நகந்தேன்னுதான் தெரியல. வருஷத்துக்கு ஒரு நூல் அளவு நகந்திருப்பேன்."

அன்று இரவு படுக்கப் போகும்போது பொடிசு பெட்டியைத் திரும்ப அலமாரி மேல் ஏற்றலாம் என்று தூக்கினாள். தூக்க முடியவில்லை. திறந்து பார்த்தால் உள்ளே வீட்டிலிருக்கும் கனமான போர்வையெல்லாம் மடித்து அடைத்திருந்தது. மூடி மூடாத அளவுக்கு அமுக்கி வைத்திருந்தாள் அண்ணி. ஒரு புடவை வைக்கக்கூட இடமில்லை. பொடிசு பெட்டியருகே தரையில் உட்கார்ந்துகொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று வந்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து விளக்கை அணைத்தாள்.

பிறகு வந்த வாரங்களில் கூடம் வேறு மாதிரி ஆனது. ஜன்னல் பக்கமிருந்த தராசு உள்ளறைக்குப் போனது. காய்ந்த பொடி இறுக்கமாக மூடும் கண்ணாடி டப்பாவில் இருந்தது; திறந்த கையோடு எடை போட்டு மூட வேண்டும். அண்ணி ஒவ்வொரு சிட்டிகைக்கும் நடுவே கையைக் கட்டிக்கொண்டு உட்காரப் பழகினாள். அது அவளுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. "இந்த நேரத்துல நான் ஒரு வீட்டையே பெருக்கியிருப்பேன்" என்பாள். விளிம்பு படிக்க இருவரும் கண்ணை ஜாடியின் மட்டத்துக்குக் கொண்டுவந்து ஒன்றாகக் குனிந்து பார்ப்பார்கள்; தலை முட்டிக்கொள்ளும். அதே மூட்டையிலிருந்து திரும்பத் திரும்பப் போட்டார்கள். சிதறல் குறைந்தது. ஆனால் ஒரு இடத்தில் வந்து நின்றுவிட்டது. எவ்வளவு கவனமாகப் போட்டாலும் நடு எண்ணிலிருந்து ஒன்றரை கோடு மேலேயோ கீழேயோ நகர்ந்துகொண்டுதான் இருந்தது.

"இதுக்கு மேல குறையாதா?" என்றாள் பொடிசு.

"இந்த ஜாடி, இந்தக் கண்ணு, இந்த மண்ணு, மூணும் மனுஷங்க மாதிரிதான்" என்றான் அண்ணன். "இவ்வளவுதான் ஒத்துப்போகும்."

அந்த மூட்டைக்கு அவர்கள் கடைசியாக எழுதியது: இருபத்துநாலு, கூட்டல் கழித்தல் ஒன்றரை.

அறிக்கை போனதும் குழிக்காரர் நேரிலேயே வந்துவிட்டார். உயரமான மனிதர். பூட்ஸில் சிவப்பு மண் அப்பியிருந்தது. மாடிப்படியை ஒட்டி நின்றவரை, "அதுல கால வைக்காதீங்க, வழுக்கும்" என்று அண்ணன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தான்.

"இது என்னங்க?" என்று தாளை மேஜையில் வைத்தார் அவர். "நான் கேட்டது ஒரு வார்த்தை. பாஸா, ஃபெயிலா? நீங்க கணக்குப் பாடம் அனுப்பியிருக்கீங்க."

அண்ணன் மனைவியைப் பார்த்தான். அண்ணி நேராக உட்கார்ந்தாள்.

"தெரியாது" என்றாள்.

அந்த வார்த்தையை அண்ணி வாயிலிருந்து பொடிசு கேட்டதே இல்லை. குழிக்காரரும் எதிர்பார்க்கவில்லை.

"தெரியாதா? அப்புறம் எதுக்கு லேப்?"

"எது தெரியும், எது தெரியாதுன்னு சொல்றதுக்கு" என்றாள் அண்ணி. "அன்னிக்கு ரெண்டு எண்ணு அனுப்பினோம். ரெண்டும் தெரிஞ்ச மாதிரி அனுப்பினோம். அது எங்க தப்பு. உங்ககிட்ட ஒத்துக்கறேன்."

"பாய் ஏத்தின லாரியெல்லாம் குழிகிட்ட நிக்குதும்மா. மழை வேற. குழி திறந்து கிடக்கு. நான் என்ன பண்ணட்டும்?"

பொடிசு வாயைத் திறந்தாள். தான் பேசலாமா என்று ஒரு தயக்கம். அண்ணி தலையை லேசாக அசைத்தாள்.

"சார், உங்க மண்ணு சரியா அந்தக் கோட்டு மேலயே நிக்குது. கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு பிரிச்சுச் சொல்ற அளவுக்கு எங்க ஜாடி நுணுக்கமில்ல. யாரோட ஜாடியும் அவ்வளவு நுணுக்கமா இருக்காதுன்னு நினைக்கறேன். இருபத்தெட்டு வந்திருந்தா கண்ண மூடிட்டு ஆமான்னு சொல்லியிருப்போம். இருபது வந்திருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்போம். இது ரெண்டும் இல்ல."

"சரி, நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"நானா இருந்தா இதை விரிக்க மாட்டேன்" என்றாள் பொடிசு. சொன்ன பிறகுதான் இவ்வளவு பெரிய வார்த்தை சொல்லிவிட்டோமே என்று தோன்றியது.

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, டீயைக்கூடத் தொடாமல் போய்விட்டார். பாதி வேலை போயிற்று என்று அண்ணன் அன்று முழுக்க வரவுசெலவு நோட்டையே புரட்டிக்கொண்டிருந்தான். அண்ணி மட்டும் வழக்கம் போல் மறுநாள் மண்ணை ஓவனில் வைத்தாள்.

"பயமா இல்லியா அண்ணி?"

"இருக்கு. இருந்தாலும் நேத்து ராத்திரி நல்லா தூங்கினேன்" என்றாள் அவள்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, வெயில் தலைகாட்டிய ஒரு காலையில் குழிக்காரர் மறுபடி வந்தார். கூடவே புது மூட்டை ஒன்று.

"அன்னிக்கு இங்கருந்து நேரா வேற லேபுக்குப் போனேன்" என்றார், கேட்காமலே. "இருபத்தாறுன்னு எழுதிக் கொடுத்தாங்க. எவ்வளவு முன்னப்பின்ன வரும்னு கேட்டேன். எங்ககிட்ட அப்படியெல்லாம் வராதுங்கன்னாங்க. உங்ககிட்ட வந்துட்டுப் போயிருக்காட்டி சந்தோஷமா வாங்கிட்டுப் போயிருப்பேன். இப்ப முடியல. கெடுத்துட்டீங்க என்னை."

அண்ணன் அவசரமாக டீ போடப் போனான்.

"லாரியையெல்லாம் திருப்பி அனுப்பிட்டேன். பாய் தைக்கற ஆலைக்காரங்க குதிச்சாங்க. கோட்டைத் தொடற மண்ணு வேண்டாம், கோட்டைத் தாண்டி நிக்கற மண்ணு வேணும்னு சொல்லிட்டேன். வேற இடத்துல வெட்டின மண்ணாம் இது. குழியில தேங்கின மழைத் தண்ணிய இறைச்சுட்டிருக்கோம். பாத்துச் சொல்லுங்க. கூட்டல் கழித்தலோட சொல்லுங்க."

அந்த மண் இருபத்தொன்பதில் நின்றது. எந்த ஜாடியும் இருபத்தேழுக்குக் கீழே இறங்கவில்லை. எழுதிக் கையெழுத்துப் போடும்போது அண்ணி பேனாவைப் பொடிசிடம் நீட்டினாள். "ரெண்டு பேரும் பாத்தது. ரெண்டு பேரும் போடுவோம்." பொடிசு போட்டாள். கையெழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது.

விரிக்கிற அன்று அண்ணியையும் பொடிசையும் வரச் சொல்லியிருந்தார் குழிக்காரர். இத்தனை வருடத்தில் இருவரும் ஒரு குழியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஜாடிக்குள் மட்டுமே பார்த்துப் பழகியவர்கள் விளிம்பில் நின்று கீழே பார்த்தபோது மலைத்துப்போனார்கள். பத்துப் பள்ளிக்கூட மைதானத்தை உள்ளே போட்டுவிடலாம் போலிருந்தது. சரிவில் கிரேன் ஒன்று சுருளைத் தூக்கி நிறுத்த, கீழே ஆட்கள் அதை இழுத்து விரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சுருளின் ஓரம் அடுத்ததன்மேல் ஏறும் இடத்தில் ஒருவர் குனிந்து குனிந்து, சாம்பல் நிறப் பொடியைக் கோடு போலத் தூவிக்கொண்டு போனார்.

"பாருங்க அண்ணி, நம்ம வேலைய" என்றாள் பொடிசு.

"ரொம்ப வேகமா தூவறான்" என்றாள் அண்ணி.

குழிக்குக் கீழ்ப்புறச் சரிவில் நாலைந்து வீடுகள் இருந்தன. திரும்பி நடக்கும்போது, கடைசி வீட்டுக் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் இவர்களைப் பார்த்து நிமிர்ந்தாள். ஐம்பது வயது இருக்கும். புடவையை இழுத்துச் செருகியிருந்தாள்.

"குழி ஆளுங்களா?"

"மண்ணைச் சோதிக்கற ஆளுங்க" என்றாள் பொடிசு.

"அதான் அந்தப் பாய்க்குள்ள இருக்கற மண்ணா?" அவள் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. அதுக்கு மேலதான் ஊர்க் குப்பையெல்லாம் கொட்டப் போறாங்களாம். எங்க கிணறு இங்க இருக்கு. கசடுத் தண்ணி இறங்காதா? நூத்துக்கு நூறு?"

பொடிசு அண்ணியைப் பார்த்தாள். அண்ணி கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் பொடிசினுடையது.

"நூத்துக்கு நூறுன்னு சொல்ல மாட்டேன்க்கா. இந்த மண்ணை நாங்க திரும்பத் திரும்ப ஊற வச்சுப் பாத்தோம். ரொம்ப மோசமா வந்த தடவைகூட, தேவையானதுக்கு நல்லாவே மேல இருந்துச்சு. அதை நம்பிச் சொல்லலாம். ஆனா தையல் சரியா இருக்கா, ஓரம் சரியா மூடியிருக்கான்னு எங்க ஜாடிக்குத் தெரியாது. அதை அந்த இன்ஜினியர் பாக்கறார். பாக்கற மனுஷன்தான். நீங்களும் விட்டுடாதீங்க. மழை முடிஞ்சதும் கிணத்துத் தண்ணிய ஒரு பாட்டில்ல எடுத்துட்டு எங்ககிட்ட வாங்க. வருஷா வருஷம் வாங்க. பாத்துச் சொல்றோம்."

அந்தப் பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முன்னாடி வந்தவங்க எல்லாம், ஒண்ணும் ஆகாதும்மா, பயப்படாதீங்கன்னு தோள்ல தட்டிட்டுப் போனாங்க" என்றாள். "ராத்திரி பூரா அதையே நினைச்சுட்டிருப்பேன்."

வாளியைக் கிணற்றில் விட்டாள். கயிறு சரசரவென்று இறங்கி, கீழே தண்ணீர் உடையும் சத்தம் கேட்டது. இழுத்து மேலே கொண்டுவந்து, துவைக்கும் கல்லின்மேல் கவிழ்ந்திருந்த டம்ளரை அலசி நிரப்பி நீட்டினாள். அண்ணி வாங்கினாள். வெயிலில் நடந்து வந்த தாகம். ஒரே மூச்சில் குடித்தாள். மோவாயிலிருந்து தண்ணீர் கழுத்தில் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"இவங்க உங்க தங்கச்சியா?" என்று பொடிசைக் காட்டிக் கேட்டாள் அந்தப் பெண்.

"எங்க வீட்டுப் பொண்ணு" என்றாள் அண்ணி. காலி டம்ளரைத் திரும்ப நீட்டினாள். "இவளுக்கு நிறைய ஊத்துங்க. மெதுவா குடிப்பா."